வீட்டுப் பியர் தயாரிப்புக் குழாய்களின் பேணல்

வீட்டுப் பியர் தயாரிப்புக் குழாய்களின் பேணல் என்பது, வீட்டில் சிறிய அளவில் பியர் தயாரிப்போர் நீர்மங்களையும் வளிமங்களையும் ஒரு கலனிலிருந்து மற்றொரு கலனுக்குக் கொண்டுசெல்லப் பயன்படுத்தும் வளையும் குழாய்களைக் கழுவி, உலர்த்தி, வகைப்படுத்தி, அடுத்த பயன்பாடு வரை கெடாமல் வைத்திருக்கும் முறைகளைக் குறிக்கும். நொதிக்கலன், கொதிகலன், புட்டிகள் ஆகியவற்றின் உட்புறத்தைக் கண்ணால் பார்த்தும் கையால் தேய்த்தும் தூய்மை செய்ய இயலும். நீண்டும் குறுகியும் இருக்கும் குழாயின் உட்புறத்தை அவ்வாறு செய்ய இயலாது. எனவே வீட்டில் தயாரிக்கப்படும் பியர் புளித்துப் போவதற்கும் வேண்டாத சுவை பெறுவதற்கும் குழாய்கள் ஒரு முக்கிய காரணமாகக் கருதப்படுகின்றன. குழாயை ஒழுங்காக வைத்தல் இடத்தை மிச்சப்படுத்தும் செயல் மட்டுமன்று. அது தூய்மையாக்கலின் இறுதிப் படியும் ஆகும்.

பின்னணி

பியர், முளைவிட்ட வாற்கோதுமை, ஹாப் மலர்கள், நீர், ஈஸ்ட் ஆகியவற்றைக் கொண்டு தயாரிக்கப்படும் நொதித்த பானமாகும். முளைதானியத்தை வெந்நீரில் ஊறவைத்துப் பெறப்படும் இனிப்புச் சாறு வார்ட் எனப்படுகிறது. இது ஹாப் மலர்களுடன் கொதிக்க வைக்கப்பட்டு, குளிர்விக்கப்பட்டு, ஈஸ்ட் சேர்த்து நொதிக்க விடப்படுகிறது. வீட்டுத் தயாரிப்பில் ஒரு தொகுதி பெரும்பாலும் 5 அமெரிக்க கலன், அதாவது ஏறத்தாழ 19 லீட்டர் அளவினதாக இருக்கும்.

ஐக்கிய இராச்சியத்தில் வீட்டில் பியர் தயாரிக்க உரிமம் பெற வேண்டும் என்ற விதி 1963 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1933 ஆம் ஆண்டில் மதுவிலக்கு முடிவுக்கு வந்த பின்னரும் வீட்டுப் பியருக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் விலக்கு அளிக்கப்படவில்லை. 1978 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் இந்நிலையை மாற்றியது. வயது வந்த ஒருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கலன் வரையும், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள வீட்டில் 200 கலன் வரையும் விற்பனைக்கு அல்லாது தயாரிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. மாநிலச் சட்டங்களில் இருந்த தடைகள் 2013 ஆம் ஆண்டில் மிசிசிப்பி, அலபாமா ஆகிய மாநிலங்களில் இறுதியாக நீங்கின. இந்தியாவில் மது தொடர்பான சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலங்களுக்கு உரியது. தமிழ்நாட்டில் 1937 ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இன்றி மது தயாரித்தல் குற்றமாகும்.

குழாய்களின் பயன்கள்

ஒரு தொகுதி பியர் தயாரிக்கும்போது குழாய்கள் பல நிலைகளில் பயன்படுகின்றன. அவற்றுள் முதன்மையானவை பின்வருமாறு:

- வெந்நீரையும் சூடான வார்ட்டையும் கடத்தும் குழாய். இது கொதிநிலைக்கு அண்மித்த வெப்பத்தைத் தாங்க வேண்டும்.
- குளிர்விப்பான் குழாய். குளிர்நீரை உள்ளே செலுத்தவும் வெளியேற்றவும் பயன்படுவது.
- சைபன் குழாய். மேலுள்ள கலனிலிருந்து கீழுள்ள கலனுக்குப் புவியீர்ப்பின் உதவியால் பியரை மாற்றப் பயன்படுவது.
- வெளியேற்றுக் குழாய். கடும் நொதித்தலின்போது நொதிக்கலனிலிருந்து பொங்கும் நுரையை ஒரு நீர்ப் பாத்திரத்துக்குக் கொண்டுசெல்வது.
- வளிமக் குழாய். உருளையிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வளிமத்தைக் கெக் எனப்படும் உலோகக் கலனுக்குக் கொண்டுசெல்வது.
- பரிமாறு குழாய். கெக் கலனிலிருந்து பியரை ஊற்றுவாய்க்குக் கொண்டுசெல்வது.

கொதித்தலுக்கு முன்னர் பயன்படும் குழாயில் சில நுண்ணுயிர்கள் இருந்தாலும் அவை பின்னர் கொதியில் அழிந்துவிடும். வார்ட் குளிர்ந்த பின்னர் பயன்படும் குழாய்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவற்றில் உள்ளவை அனைத்தும் நேரடியாகப் பியரைச் சென்றடைகின்றன. இதனால் குழாய்களைச் "சூட்டுப் பக்கம்", "குளிர்ப் பக்கம்" என இரண்டாகப் பிரித்து வைப்பது அடிப்படை ஒழுங்காகக் கொள்ளப்படுகிறது.

மூலப்பொருட்கள்

குழாயை எவ்வாறு கழுவலாம், எங்கு வைக்கலாம் என்பதை அதன் மூலப்பொருளே தீர்மானிக்கிறது.

பாலிவினைல் குளோரைடு: சுருக்கமாகப் பிவிசி அல்லது வினைல் குழாய் எனப்படுகிறது. விலை குறைவு, கண்ணாடி போல் தெளிவானது. இயல்பில் விறைப்பான இந்த நெகிழி, நெகிழ்வூட்டிகள் எனப்படும் சேர்மங்களைச் சேர்ப்பதால் வளையும் தன்மை பெறுகிறது. கொதிநீரில் இது மிகவும் மென்மையாகி, உறிஞ்சும்போது தட்டையாகிவிடும். எனவே கொதிக்க வைத்துத் தூய்மையாக்க ஏற்றதன்று. நீரில் நெடுநேரம் இருந்தால் சிறிதளவு நீரை உறிஞ்சிப் பால் போல் வெளிறும். உலர்ந்ததும் மீண்டும் தெளிவடையும்.

சிலிக்கோன்: 200 °செ அளவிலான வெப்பத்தையும் தாங்கக்கூடியது. கொதிக்க வைக்கலாம். சுருட்டி வைத்தாலும் எளிதில் பழைய வடிவத்துக்குத் திரும்பும். ஆனால் ஆக்சிஜனை மிக எளிதாக ஊடுருவ விடும். எனவே பியர் நாள் கணக்கில் தங்கியிருக்கும் பரிமாறு குழாய்க்கு உகந்ததன்று. சாதாரண சிலிக்கோன் குழாய் அழுத்தத்தில் உப்பிவிடும் என்பதால் வளிமக் குழாயாகவும் பயன்படுத்தப்படுவதில்லை.

பாலிஎத்திலீனும் தடுப்புப் படலக் குழாய்களும்: இவை விறைப்பானவை. தடுப்புப் படலக் குழாயின் உட்புறத்தில் ஆக்சிஜனையும் மணத்தையும் தடுக்கும் வழவழப்பான படலம் இருக்கும். கூர்மையாக வளைத்தால் மடிப்பு விழுந்து நிலைத்துவிடும் என்பதால் இவற்றைச் சிறிய வளையங்களாகச் சுருட்டலாகாது.

தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் சாதாரண குழாய்கள் உணவுத் தரத்துக்கு உற்பத்தி செய்யப்படாதவை. அவற்றைப் பியருடனோ வார்ட்டுடனோ தொடர்புபடுத்தல் கூடாது. குளிர்விப்பானின் உலோகச் சுருளுக்குள் நீர் செலுத்த மட்டும் அவற்றைப் பயன்படுத்துவர்.

ஈரமும் உயிரிப்படலமும்

பியர் கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்பதை பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்ச்சர் 1876 ஆம் ஆண்டில் வெளியிட்ட பியர் பற்றிய தமது நூலில் விளக்கினார். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883 ஆம் ஆண்டில் தூய ஈஸ்ட் வளர்ப்பைப் பிரித்தெடுத்தார். வேண்டாத ஈஸ்ட் வகைகளும் பியரைக் கெடுக்கும் என்பது அவர் பணியால் தெளிவாயிற்று.

நுண்ணுயிர்கள் ஈரமான பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாம் சுரக்கும் பசை போன்ற பொருளுக்குள் கூட்டமாக வாழ்கின்றன. இக்கூட்டமைப்பு உயிரிப்படலம் எனப்படும். தனித்து மிதக்கும் நுண்ணுயிரை எளிதில் கொல்லும் கிருமிநீக்கி, உயிரிப்படலத்தின் உட்பகுதியைச் சென்றடைவதில்லை. அதனால் படலம் உருவான பின் அதை அகற்றுவதைவிட, உருவாகாமல் தடுப்பது எளிது. உயிரிப்படலம் உருவாக ஈரம், உணவு, காலம் ஆகிய மூன்றும் தேவை. கழுவுதல் உணவை நீக்குகிறது. உலர்த்துதல் ஈரத்தை நீக்குகிறது. இரு தொகுதிகளுக்கு இடையே வாரங்களோ மாதங்களோ செல்லக்கூடும் என்பதால் காலத்தைக் குறைப்பது பெரும்பாலும் இயலாது.

குழாய் குறுகக் குறுக, அதிலுள்ள நீர்மத்தின் அளவுடன் ஒப்பிடுகையில் அதன் உட்பரப்பு மிகுதியாகிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள குழாய்க்கான கணக்கு பின்வருமாறு:

- உள்விட்டம் 4.8 மி.மீ.: கொள்ளளவு ஏறத்தாழ 18 மில்லிலீட்டர், உட்பரப்பு 151 சதுர செ.மீ.
- உள்விட்டம் 9.5 மி.மீ.: கொள்ளளவு ஏறத்தாழ 71 மில்லிலீட்டர், உட்பரப்பு 298 சதுர செ.மீ.
- உள்விட்டம் 12.7 மி.மீ.: கொள்ளளவு ஏறத்தாழ 127 மில்லிலீட்டர், உட்பரப்பு 399 சதுர செ.மீ.

இதன்படி மிகக் குறுகிய குழாயில் ஒவ்வொரு மில்லிலீட்டர் பியரும் 8 சதுர சென்ட்டிமீட்டருக்கு மேற்பட்ட பரப்பைத் தொடுகிறது. அகன்ற குழாயில் இது 3 சதுர சென்ட்டிமீட்டர் அளவே. நீரை வடித்த பின்னரும் சுவரில் மெல்லிய நீர்ப்படலம் எஞ்சும். அதன் தடிப்பு 0.05 மி.மீ. என்று கொண்டாலும், 9.5 மி.மீ. குழாயின் ஒவ்வொரு மீட்டரிலும் ஏறத்தாழ 1.5 மில்லிலீட்டர் நீர் தங்கியிருக்கும். இந்நீர் ஆவியாகி வெளியேறக் குழாயின் இரு முனைகள் மட்டுமே வழியாக உள்ளன. சுருட்டி மூடி வைத்த குழாய் பல நாட்கள் ஈரமாகவே இருப்பதற்கு இதுவே காரணம்.

கெடுக்கும் நுண்ணுயிர்கள்

பியரின் அமிலத்தன்மை, ஆல்ககால், ஹாப் மலரிலுள்ள கசப்புச் சேர்மங்கள் ஆகியவை பெரும்பாலான நுண்ணுயிர்களைத் தடுக்கின்றன. நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பொதுவாக அதில் வளர்வதில்லை. எனினும் சில நுண்ணுயிர்கள் தாக்குப்பிடித்து வளர்கின்றன.

லாக்டோபாசில்லஸ் பாக்டீரியா லாக்டிக் அமிலத்தை உண்டாக்கிப் பியரைப் புளிக்கச் செய்யும். பீடியோகாக்கஸ் பாக்டீரியா டைஅசிட்டைல் என்னும் சேர்மத்தை உருவாக்கி வெண்ணெய் போன்ற சுவையைத் தரும். அசிட்டோபாக்டர் பாக்டீரியா ஆக்சிஜன் கிடைக்கும் இடத்தில் ஆல்ககாலை வினாகிரியாக மாற்றும். பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட், தோல், தொழுவம் ஆகியவற்றை நினைவூட்டும் மணம் தரும். இந்த ஈஸ்ட்டை கார்ல்ஸ்பெர்க் நிறுவனத்தைச் சேர்ந்த நீல்ஸ் ஹெல்டே கிளாசன் 1904 ஆம் ஆண்டில் விவரித்தார்.

வழக்கமான பியர் ஈஸ்ட் விட்டுவைக்கும் பெரிய சர்க்கரை மூலக்கூறுகளையும் சில காட்டு ஈஸ்ட் வகைகள் நொதிக்கச் செய்யும். புட்டியில் அடைத்த பின் இது நிகழ்ந்தால் உள்ளே அழுத்தம் கூடி, கண்ணாடிப் புட்டி வெடிக்கவும் கூடும். ஆகவே தூய்மையற்ற குழாயின் விளைவு சுவைக்கேட்டுடன் நின்றுவிடுவதில்லை. சில வேளைகளில் காயம் ஏற்படுத்தும் ஆபத்தாகவும் மாறுகிறது.

கழுவுதல்

தூய்மையாக்கல், கிருமிநீக்கம் ஆகிய இரண்டும் வெவ்வேறு செயல்கள். முதலாவது அழுக்கை அகற்றுவது. இரண்டாவது எஞ்சிய நுண்ணுயிர்களைக் குறைப்பது. அழுக்கு உள்ள பரப்பில் கிருமிநீக்கி பயன் தராது.

பயன்படுத்திய உடனேயே, சர்க்கரையும் ஈஸ்ட்டும் காயும் முன்னர், குழாயினுள் வெதுவெதுப்பான நீரைப் பாய்ச்ச வேண்டும். பின்னர் சோடியம் பெர்கார்பனேட்டு போன்ற காரத்தன்மையுள்ள தூய்மையாக்கியின் கரைசலை உள்ளே நிரப்பி ஊறவைப்பர். கரைசலில் காற்றுக் குமிழிகள் சிக்கினால் அவ்விடம் கழுவப்படாமல் விடுபடும். ஆகவே குழாயை ஒரு முனையிலிருந்து மெதுவாக அமிழ்த்தி நிரப்புதல் நன்று. அதன் பின் நல்ல நீரால் அலச வேண்டும்.

கம்பித் தூரிகையோ கடினமான தூரிகையோ பயன்படுத்தக் கூடாது. மென்மையான நெகிழிச் சுவரில் கீறல் விழுந்தால், அக்கீறல் நுண்ணுயிர்களுக்குப் புகலிடமாகும். பஞ்சுத் துண்டை நீரழுத்தத்தால் குழாய் வழியே தள்ளுதல் பாதுகாப்பான மாற்று முறையாகும்.

இணைப்பிகள், இறுக்குப் பட்டைகள், அடைப்பிதழ்கள் ஆகியவற்றைக் கழற்றிய பின்னரே கழுவ வேண்டும். பற்களுடைய இணைப்பிக்கும் குழாய்க்கும் இடையிலான நுண்ணிய இடைவெளியில் பியர் புகுந்து தங்கிவிடும். கழற்றாமல் கழுவும்போது எஞ்சும் அழுக்கு பெரும்பாலும் இந்த இடத்திலேயே காணப்படுகிறது.

உலர்த்துதல்

உலர்த்தலின் முதற்படி வடித்தல். குழாயின் நடுப்பகுதியை உயர்த்தி, இரு முனைகளும் கீழ்நோக்கி இருக்குமாறு தலைகீழ் "ப" வடிவில் தொங்கவிட்டால் நீர் தானாக வடியும். நீண்ட குழாயை ஒரு முனையில் பிடித்துத் திறந்த வெளியில் வட்டமாகச் சுழற்றுவதும் உண்டு. சுழற்சியால் நீர் மறுமுனை வழியே வெளியேறும்.

இரண்டாம் படி காற்றோட்டம். மீன்தொட்டிக்குப் பயன்படும் சிறிய காற்றேற்றியைக் குழாயின் முனையில் பொருத்திச் சில மணி நேரம் இயக்கினால், குறுகிய குழாயும் முழுமையாக உலரும். உருளை வைத்திருப்போர் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தியும் நீரை வெளியேற்றுவர். வாயால் ஊதுதல் தவிர்க்கப்பட வேண்டும். மூச்சில் ஈரமும், வாயில் லாக்டோபாசில்லஸ் உள்ளிட்ட பாக்டீரியாக்களும் உள்ளன. சைபன் குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்குவதும் இக்காரணத்தால் தவிர்க்கப்படுகிறது.

உலர்ந்ததை உறுதிப்படுத்தச் சில எளிய சோதனைகள் உள்ளன. வெளிறிய வினைல் குழாய் தெளிவடைந்திருக்க வேண்டும். குழாயை ஒளிக்கு எதிரே பிடித்தால் உள்ளே துளிகள் தென்படக் கூடாது. உலர்ந்த தாளின் மேல் முனையைத் தட்டினால் ஈரம் படியக் கூடாது. முனையில் புளிப்பு மணமோ பூஞ்சண மணமோ வீசக் கூடாது. ஈரப்பதம் மிகுந்த பருவத்தில் தொங்கவிடுதல் மட்டும் போதாது. காற்றைச் செலுத்துதல் தேவைப்படும்.

சுருட்டுதலும் தொங்கவிடுதலும்

குழாயைக் கையையும் முழங்கையையும் சுற்றி இறுக்கமாகச் சுற்றும் பழக்கம், ஒவ்வொரு சுற்றிலும் குழாயை முறுக்கிவிடுகிறது. இதனால் மடிப்புகள் தோன்றுகின்றன. மடிப்பு விழுந்த இடத்தில் நீர்மம் தேங்கும், ஓட்டமும் குறையும். இதற்கு மாற்றாக, ஒரு வளையத்தை மேல்நோக்கியும் அடுத்த வளையத்தைக் கீழ்நோக்கியும் மாற்றி மாற்றி இடும் முறை கையாளப்படுகிறது. இம்முறையில் அடுத்தடுத்த முறுக்குகள் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. மேடை ஒலியமைப்பிலும் திரைப்படத் துறையிலும் மின்வடங்களைச் சுருட்டுவோர் இதே முறையைப் பின்பற்றுகின்றனர்.

வளையத்தின் விட்டம் குழாயின் தடிப்புக்கு ஏற்ப அமைய வேண்டும். 12.7 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய்க்கு 30 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட விட்டம் ஏற்றது. சுருளை வெல்குரோ பட்டையாலோ துணி நாடாவாலோ தளர்வாகக் கட்டலாம். இறுக்கிய நெகிழிக் கட்டு குழாயில் தழும்பை உண்டாக்கும்.

சுருளை ஆணியில் மாட்டினால் அதன் முழு எடையும் ஒரே புள்ளியில் தங்கி, அங்கு மடிப்பு விழும். அகன்ற வளைந்த தாங்கியே பொருத்தமானது. சுவரில் பக்கவாட்டில் பொருத்திய பழைய தகர டப்பா, பெரிய வடிகால் குழாயின் வெட்டிய துண்டு ஆகியவை இதற்குப் போதுமானவை. குட்டையான குழாய்களைச் சுருட்டாமல் நேராகவே தொங்கவிடலாம். துளைப்பலகையில் கொக்கிகளைப் பொருத்தி, ஒவ்வொரு குழாய்க்கும் ஓர் இடம் ஒதுக்கினால், எது இல்லை என்பது பார்த்த உடனே தெரியும்.

சுருட்டியதால் வளைந்தே நிற்கும் வினைல் குழாயை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் இட்டால் அது இளகி நேராகும்.

வகைப்படுத்தலும் அடையாளமிடலும்

ஒரே தோற்றமுடைய குழாய்கள் ஒன்றுக்கொன்று மாறிப்போவது பொதுவான தவறு. அதைத் தவிர்க்கப் பின்வரும் பிரிவுகள் பயன்படுகின்றன:

- சூட்டுப் பக்கக் குழாய்கள்
- குளிர்ப் பக்கக் குழாய்கள்
- வளிமக் குழாய்கள்
- புளிப்புப் பியருக்கும் பிரெட்டனோமைசிஸ் பியருக்கும் மட்டும் உரிய குழாய்கள்
- தூய்மையாக்கும் கரைசல்களுக்கு மட்டும் உரிய குழாய்கள்

இவற்றுள் நான்காம் பிரிவைத் தனியே வைத்தல் இன்றியமையாதது. புளிப்புப் பியரில் விரும்பிச் சேர்க்கப்படும் அதே நுண்ணுயிர், சாதாரண பியரில் கேடாக அமையும்.

சுவையும் மணமும் குழாயின் சுவருக்குள் ஊடுருவக்கூடியவை. ரூட் பியர் எனப்படும் அமெரிக்க மென்பானத்தின் மணம் வினைல் குழாயில் ஏறிவிட்டால், எத்தனை முறை கழுவினாலும் நீங்குவதில்லை. அத்தகைய பானத்துக்குப் பயன்படுத்திய குழாயை மீண்டும் பியருக்குப் பயன்படுத்துவதில்லை.

ஒவ்வொரு குழாயிலும் அதன் பயன், உள்விட்டம், பயன்பாட்டுக்கு வந்த நாள் ஆகியவற்றை எழுதிய சீட்டை இரு முனைகளுக்கும் அருகே ஒட்டுவர். நிறநாடாவும் பயன்படும். மென்பானத் தொழிலிலிருந்து வீட்டுத் தயாரிப்புக்கு வந்த ஒரு வகைக் கெக் கலன்களில், வளிம இணைப்பி சாம்பல் நிறத்திலும் நீர்ம இணைப்பி கறுப்பு நிறத்திலும் அமைவது வழக்கம். குழாய்களுக்கும் அதே நிறமுறையைப் பின்பற்றினால் குழப்பம் குறையும்.

வைக்கும் இடம்

குழாய்களை வைக்கும் இடம் உலர்ந்ததாகவும், குளிர்ச்சியாகவும், நேரடி வெயில் படாததாகவும் இருக்க வேண்டும். புற ஊதாக் கதிர் வினைல் குழாயை மஞ்சளாக்கி விறைக்கச் செய்கிறது. பெட்ரோல், வண்ணப்பூச்சு, பூச்சிமருந்து ஆகியவற்றின் அருகே வைத்தால் அவற்றின் ஆவி குழாயில் ஊறும்.

வினைல் குழாயிலுள்ள நெகிழ்வூட்டிகள் தொடும் பிற நெகிழிகளுக்குள் மெல்ல நகரக்கூடியவை. பாலிஸ்டைரீன் பெட்டிக்குள் நெடுநாள் வைத்தால் பெட்டியின் பரப்பு இளகிப் பிசுபிசுக்கும். எனவே பாலிஸ்டைரீன் பொருட்களுடன் வினைல் குழாய் தொடாமல் வைக்கப்பட வேண்டும்.

திறந்த முனைகள் வழியே பூச்சிகள் நுழையலாம். பழ ஈக்கள் அசிட்டிக் அமிலப் பாக்டீரியாக்களைச் சுமந்து வருவன. ஆயினும் முனைகளை அடைப்பானால் இறுக மூடினால் ஈரம் உள்ளே சிக்கும். மெல்லிய துணியை முனையில் சுற்றிக் கட்டினால் பூச்சி நுழையாது, காற்றோட்டமும் தடைப்படாது. எலிகள் நடமாடும் இடத்தில், நன்கு உலர்ந்த குழாய்களைக் காற்றுத் துளைகளுள்ள உலோகப் பெட்டியில் வைப்பர்.

கெக் கலன்களுடன் இணைந்த குழாய்கள்

பரிமாறு குழாய் பெரும்பாலும் குளிர்பெட்டிக்குள் கலனுடன் இணைந்தே இருக்கும். குளிர்ந்த பியர் நிறைந்து, அழுத்தத்தில் இருக்கும் வரை நுண்ணுயிர் வளர்ச்சி மெதுவாகவே நிகழும். கலன் காலியானதும் குழாயில் பியரை அப்படியே விட்டுவிடக் கூடாது. வெறும் நீரை நிரப்பி அறை வெப்பநிலையில் விடுவதும் தவறு. கழுவி உலர்த்துவதே சரியான முறை.

அமெரிக்காவின் வணிக ஊற்றுப் பியர் அமைப்புகளுக்கு, பரிமாறு குழாய்களை 14 நாட்களுக்கு ஒருமுறை காரக் கரைசலாலும், 3 மாதங்களுக்கு ஒருமுறை அமிலக் கரைசலாலும் கழுவுமாறு அந்நாட்டுப் பியர் தயாரிப்பாளர் சங்கம் பரிந்துரைக்கிறது. கார்பனிமப் படிவுகளைக் காரம் அகற்றுகிறது. "பியர்க்கல்" எனப்படும் கால்சியம் ஆக்சலேட்டுப் படிவை அமிலம் கரைக்கிறது. வீட்டுத் தயாரிப்பாளர் பலர் ஒவ்வொரு கலன் முடிந்ததும் கழுவும் வழக்கத்தைக் கைக்கொள்கின்றனர்.

வளிமக் குழாயில் வளிமம் மட்டுமே செல்வதால் அதைக் கழுவத் தேவையில்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கலனை அளவுக்கு மீறி நிரப்பினாலோ, சாய்த்தாலோ, பியர் பின்னோக்கி வளிமக் குழாய்க்குள் ஏறக்கூடும். அவ்வாறு ஏறிய பியர் கவனிக்கப்படாமல் காய்ந்து பூஞ்சணம் பிடிக்கும். எனவே வளிமக் குழாயையும் அவ்வப்போது கழற்றிப் பார்க்க வேண்டும்.

மீண்டும் பயன்படுத்துமுன்

உலர்ந்து தூய்மையாக வைக்கப்பட்ட குழாயும் கிருமியற்ற குழாய் ஆகாது. வைத்திருந்த காலத்தில் தூசி படிந்திருக்கலாம். ஆகவே குளிர்ப் பக்கக் குழாய்களைப் பயன்படுத்துவதற்குச் சற்று முன்னர் நீரால் அலசி, கிருமிநீக்கம் செய்வது கட்டாயமாகும். பாசுபாரிக் அமிலம் கலந்த நுரைக்கும் கிருமிநீக்கிகளும், அயோடின் சேர்ந்த கிருமிநீக்கிகளும் இதற்குப் பயன்படுகின்றன. அயோடின் வகை, வினைல் குழாயில் பழுப்பு மஞ்சள் கறையை உண்டாக்கும். சிலிக்கோன் குழாயைக் கொதிநீரில் இட்டும் கிருமிநீக்கம் செய்யலாம்.

குளோரின் கலந்த வெளுப்பான்களை நன்கு அலசாவிட்டால், அவை பியரிலுள்ள பீனால் சேர்மங்களுடன் வினைபுரிந்து மருந்து போன்ற சுவையைத் தரும் குளோரோபீனால்களை உருவாக்கும். மிகச் சிறிய அளவிலேயே இச்சுவை உணரப்படும்.

மாற்றுதல்

குழாய்கள் நிலையான கருவிகள் அல்ல. தேய்ந்து மாற்றப்பட வேண்டியவை. கழுவிய பின்னும் நீங்காத மணம், உலர்ந்த பின்னும் தெளிவடையாத வெளிறல், உட்சுவரில் கரும்புள்ளிகள், நிலைத்துவிட்ட மடிப்பு, விறைப்பு, பிசுபிசுப்பு ஆகியவை மாற்ற வேண்டியதன் அறிகுறிகள். வணிக அமைப்புகளில் வினைல் பரிமாறு குழாய்களை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுமாறு பரிந்துரைக்கப்படுகிறது. முனை மட்டும் விரிந்து தளர்ந்திருந்தால் அப்பகுதியை வெட்டி நீக்கலாம். இதற்காகவே குழாயைச் சற்று நீளமாக வெட்டி வைப்பதுண்டு. குளிர்ப் பக்கத்துக்குத் தகுதியிழந்த குழாயைத் தூய்மையாக்கும் பணிக்கு ஒதுக்கினால் அதன் அடையாளச் சீட்டையும் உடனே மாற்ற வேண்டும். ஒரு தொகுதி பியருக்குச் செலவாகும் பொருளையும் வாரக்கணக்கான காத்திருப்பையும் நோக்கினால், ஐயத்துக்குரிய குழாயை மாற்றுவது சிறு செலவே ஆகும்.

பாதுகாப்பு

- குளோரின் வெளுப்பானை அமிலக் கிருமிநீக்கியுடன் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வளிமம் வெளிப்படும். இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. ஒன்றன்பின் ஒன்றாக ஒரே குழாயில் பயன்படுத்தினால் இடையே நன்கு அலச வேண்டும்.
- சூடான வார்ட் செல்லும் குழாய் இணைப்பிலிருந்து நழுவினால் கடும் தீக்காயம் ஏற்படும். முனை தளர்ந்த குழாயைச் சூட்டுப் பக்கத்தில் பயன்படுத்தலாகாது.
- வளிமக் குழாயைக் கழற்றுமுன் உருளையை மூடி, அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். மூடிய சிறிய அறையில் கார்பன் டை ஆக்சைடு கசிந்தால் மூச்சுத்திணறல் ஏற்படலாம்.
- காரக் கரைசல்களைக் கையாளும்போது கையுறையும் கண்காப்பும் அணிய வேண்டும்.

பிற துறைகளில்

குறுகிய குழாயின் உட்புறத்தைத் தூய்மையாக வைத்திருக்கும் சிக்கல் பியர் தயாரிப்புக்கு மட்டும் உரியதன்று. பால் கறவை இயந்திரங்களின் இரப்பர்க் குழாய்கள், மென்பான ஊற்றிகள், மருத்துவமனை உள்நோக்கிக் கருவிகள் ஆகியவற்றிலும் உயிரிப்படலம் கவனத்துக்குரியது. உள்நோக்கிக் கருவிகளின் குறுகிய வழிகளைக் கிருமிநீக்கம் செய்த பின், வைப்பதற்கு முன் காற்றைச் செலுத்தி உலர்த்துவது அங்கும் விதியாக உள்ளது. கழுவுதல், உலர்த்துதல், காற்றோட்டத்துடன் தொங்கவிடுதல் என்ற வரிசை இரு இடங்களிலும் ஒன்றே.

இவற்றையும் பார்க்க

- பியர்
- நொதித்தல்
- ஈஸ்ட்
- உயிரிப்படலம்
- லூயி பாஸ்ச்சர்
- பாலிவினைல் குளோரைடு